இறந்தவர்களைப் படமெடுக்க ஒரு முக்காலி

காமிராவைத் தூக்கிப் பிழைக்கிறவனுக்குக் கண் கெடுவதற்கு வெகுகாலம் முன்பே தோள் கெட்டுவிடும். என்னைப் போலக் கல்கத்தா சந்துகளில் அலைந்த சகோதரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பெட்டி, பித்தளை லென்ஸ், கண்ணாடித் தட்டுகள் எல்லாம் சேர்ந்து ஒன்றரை மணங்கு எடை, ஐந்து வயதுப் பிள்ளையைத் தூக்குகிற கனம். அத்தனையையும் தாங்க ஒரு முக்காலி வேண்டும். கனமாக இருந்தால் தூக்க முடியாது, லேசாக இருந்தால் நிற்காது.

பவானிப்பூரில் குடியிருந்த நம் தமிழர்கள் நன்றாக இருக்கும்போது என்னை வாசற்படி ஏற விடமாட்டார்கள். படம் எடுத்தால் ஆயுசு குறையும் என்று பயம். ஆகவே பெரியவர்கள் பலருக்கு முதல் படமும் கடைசிப் படமும் ஒன்றேதான். மூச்சு நின்ற பிறகு, பாடை புறப்படுவதற்கு முன்பு எடுப்பது. அது கெட்டுப்போனால் மறுபடி எடுக்க ஆள் இருக்காது.

இரண்டு முகம்

முதலில் வாங்கியது சீமையிலிருந்து வந்த மெலிந்த முக்காலி. மடித்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போகலாம். அதோடு ஒரு பாங்கு குமாஸ்தாவின் வீட்டுக்குப் போனேன். அவருடைய தகப்பனார் மாடியில் கிடத்தப்பட்டிருந்தார். மரத்தளம். லென்ஸ் மூடியைத் திறந்தால் தட்டில் படம் பதிய ஆறு எண்ண வேண்டும், அதற்குள் யாரோ அழுதுகொண்டே நடந்து போனார்கள். தளம் லேசாக அதிர்ந்ததை நான் உணரவில்லை, முக்காலி உணர்ந்துவிட்டது.

தட்டைக் கழுவிப் பார்த்தால் ஒரு கழுத்தில் இரண்டு முகம். ஒன்று கண்ணை மூடியிருந்தது. மற்றொன்று, நிழல் விழுந்த தோஷமோ என்னவோ, திறந்து பார்ப்பதுபோல் இருந்தது. கையைப் பிசைந்துகொண்டு குமாஸ்தாவிடம் கொடுத்தேன். அவர் கோபிக்கவில்லை. பார்த்துவிட்டுக் கேட்டார்:

“அப்பாவை ஒரே ஒரு தரம் படம் எடுத்தோம், அதுலயும் ரெண்டு பேரா வந்திருக்கார். இதுல யாருக்கு சார் நான் திவசம் பண்றது?”

தேக்குமரம்

பட்டது போதும் என்று, பௌபஜாரில் மேஜை நாற்காலி செய்யும் ரஹீம் மிஸ்திரியிடம் போய்த் தேக்கில் ஒரு முக்காலி செய்துகொண்டேன். யானை ஏறி நின்றாலும் அசையாது. சிக்கல் என்னவென்றால், அதைத் தூக்கவும் யானைதான் வேண்டும். காளிகாட்டில் ஒரு வீட்டிலிருந்து அழைப்பு வந்தது. இரண்டு கூலிகள் பிடித்தும் சந்துத் திருப்பத்தில் அது மாட்டிக்கொண்டது. அதை விடுவித்து வீடு போய்ச் சேர்ந்தபோது முற்றத்தில் கட்டில் மட்டும் கிடந்தது.

இறந்தவரின் தம்பி என்னைத் திருப்பி அனுப்பவில்லை. வந்தது வந்தீர்கள், கட்டிலையாவது எடுங்கள் என்றார். கறுப்புத் துணிக்குள் தலையை விட்டு, காமிராவின் பின்கண்ணாடியில் தலைகீழாகத் தெரிந்த அந்தக் காலிக் கட்டிலைப் பார்த்தேன். இரண்டு முறை துணிக்கு வெளியே தலையை நீட்டி, யாரும் படுத்திருக்கவில்லை என்று உறுதி செய்துகொண்டேன். படம் காலியாகவே வந்தது, நல்லவேளை. புறப்படும்போது தம்பி சொன்னார்:

“எமன்கூட இத்தனை நேரம் எடுத்துக்கலை, நீங்க எடுத்துண்டுட்டேள்.”

மிஸ்திரியின் கொக்கி

மறுபடி ரஹீம் மிஸ்திரி. இந்த முறை லேசானாலும் உறுதியான மரம், மூன்றாக மடியும் கால்கள், அடியில் இரும்பு முனை. நடுவில் ஒரு கொக்கியும் வைத்தார். எடையை ஏன் சுமந்துகொண்டு அலைகிறாய், எந்த வீட்டிலும் நாலு செங்கல் கிடைக்கும், சாக்கில் போட்டுக் கொக்கியில் தொங்கவிடு என்றார். எனக்கு ஏன் இது தோன்றவில்லை என்று என் மேலேயே எரிச்சல் வந்தது.

முக்காலியின் மேல் கிண்ணம் நிறையத் தண்ணீர் வைத்து, பக்கத்தில் நின்று தொம் தொம் என்று குதித்தார். ஒரு சொட்டு சிந்தவில்லை. வங்காளியில் அவர் சொன்னதைத் தமிழில் சொல்கிறேன்:

“பாபு, இனிமேல் உங்கள் படத்தில் எது அசைந்திருந்தாலும், அது நிஜமாகவே அசைந்ததுதான்.”

எட்டு எண்ணும் வரை

வெங்கட்ராமன் ஒரு வெள்ளைக்காரக் கம்பெனியில் உத்தியோகம் பார்த்தவர். அவருடைய தாயார் முந்தின நாள் மாலை காலமாகிவிட்டார். அம்மாளுக்கு ஒரு படமும் கிடையாது. உடம்பு முடியவில்லை என்ற தந்தி கண்டு அவர் தங்கை மங்களம் ஊரிலிருந்து வந்த ரயில், கல்கத்தாவை எட்டும் முன் சாந்த்ராகாச்சியில் வெகுநேரம் நின்றுவிட்டதால், அவள் வந்து சேர மறுநாள் காலை ஆனது. அதுவரை காத்திருந்தார்கள். வெளிச்சத்துக்காகக் கட்டிலைத் திருப்பியபோது அம்மாளின் கணுக்காலை நான்தான் பிடித்தேன். விறைத்து, மரக்கட்டையாகச் சில்லிட்டிருந்தது. கால் கட்டைவிரல்கள் இரண்டையும் வழக்கப்படி சேர்த்துக் கட்டியிருந்தார்கள்.

எல்லோரையும் உள்ளே போகச் சொன்னேன். செங்கல்லைத் தொங்கவிட்டேன். கடிகாரத்தைப் பார்த்தபடி எட்டு எண்ணி மூடினேன். அந்த எட்டு வினாடியும் கட்டிலைப் பார்த்துக்கொண்டிருந்தது லென்ஸ் ஒன்றுதான்.

இருட்டறையில் தட்டு மெல்லத் தெளிந்தது. முகம் தெளிவு. மாலையில் ஒவ்வொரு பூவும் தெளிவு. புடவைக் கரையில் இழைகூட எண்ணலாம். பாதங்கள் இரண்டும் மட்டும் புகையாகக் கலைந்திருந்தன, இப்படியும் அப்படியுமாக யாரோ ஆட்டிக்கொண்டிருந்ததுபோல. தட்டு உடைந்துவிட்டது என்று சொல்லிவிடலாமா என்று நினைத்தேன். அதைச் சொன்னால் அந்த அண்ணன் தங்கைக்கு அம்மாவின் ஒரே முகமும் போய்விடும். இதைக் காட்டினால், உயிர் இருக்கும்போதே எரித்துவிட்டோமோ என்று ஆயுள் முழுக்கத் தவிப்பார்கள். இரண்டு நாள் அதைப் பெட்டியில் பூட்டி வைத்தேன்.

மூன்றாம் நாள் கொண்டுபோனேன். வெங்கட்ராமன் பார்த்துவிட்டுத் தங்கையிடம் நீட்டினார். மங்களம் முகத்தைப் பார்த்தாள். அதில் அவள் கண் தங்கவில்லை. பாதத்துக்கு இறங்கியது. வாயைப் பொத்திக்கொண்டாள். தொலைந்தோம் என்று நினைத்தேன். அவள் அழவில்லை, சிரித்துக்கொண்டிருந்தாள்.

“படுத்துண்டா அம்மாவுக்குக் காலை ஆட்டிண்டே இருக்கணும் மாமா. மூஞ்சி யாரோ மாதிரிதான் இருக்கு. இந்தக் காலைப் பார்த்தப்புறம்தான் அம்மான்னு தோணறது.”

ஆகவே சகோதரர்களே, அசையாத முக்காலியைத் தாராளமாக வாங்குங்கள், ஆனால் ஆடுகிற ஒன்றையும் வீட்டில் வைத்திருங்கள், என்றைக்காவது பழியைத் தூக்கிப்போட ஓர் இடம் வேண்டியிருக்கும்.