தட்டினாலும் திறக்காதே

செப்டம்பரில் பள்ளி திறக்கிறது என்றாலே லொரெய்ன் டெக்கருக்குப் பயம்தான். மிச்சிகன் ஏரிக்கரையில் ஒரு சின்ன ஊர்; அங்கே நடுநிலைப் பள்ளியில் ஆறாம் வகுப்பு ஆசிரியை. இருபது வருடமாக அதே வகுப்பு, அதே பயம். "பசங்க எல்லாம் ஏழாவதுக்குப் போயிடுது, நீதான் இன்னும் ஆறாவதுலயே கிடக்கே" என்று கணவர் கிளென் கிண்டலடிப்பார். அவளுக்குச் சிரிப்பு வராது.

பயப்படாமல் என்ன செய்வது? போன வருடம் வரை ஒரே டீச்சரின் நிழலில் உட்கார்ந்திருந்த பிள்ளைகள். இங்கே பாடத்துக்கொரு அறை. மணி அடித்து நான்கு நிமிடத்துக்குள் மாறியாக வேண்டும். போதாக்குறைக்கு, மீசை முளைத்த எட்டாம் வகுப்புத் தடியன்கள் நடைபாதையில் இடித்துத் தள்ளுவார்கள். புத்தகம் வைக்க நடைபாதைச் சுவரில் ஆளுக்கொரு லாக்கர், எண் வைத்துத் திருகும் பூட்டு. முதல் வாரம் முழுக்க அதைத்தான் சொல்லிக்கொடுப்பாள். வலம், இடம், வலம். அழுகிறவர்களுக்கு மூக்கையும் துடைத்துவிடுவாள்.

இன்னொன்றும் சொல்லிக்கொடுப்பாள். ஒலிபெருக்கியில் 'லாக்டவுன்' என்று கேட்டால், துப்பாக்கியோடு எவனோ வந்துவிட்டான் என்று அர்த்தம். கதவைச் சாத்து, விளக்கை அணை, மூலையில் உட்கார். "யார் தட்டினாலும் திறக்கக் கூடாது. நானே தட்டினாலும் திறக்கக் கூடாது. எவனாவது என் கழுத்துல துப்பாக்கிய வச்சுத் தட்டச் சொல்லியிருக்கலாம். புரியுதா?" பதினோரு வயதுக் குழந்தைகளிடம் ஒவ்வொரு வருடமும் இதைச் சொல்லியாக வேண்டும்.

அன்று இரண்டாம் பாடத்துக்கு மணி அடித்தது. வழக்கப்படி லொரெய்ன் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு வாசலில் நின்றாள். பிள்ளைகள் உள்ளே போய்விட்டார்கள். டெலைலா மட்டும் எதிர்ச்சுவரில் லாக்கரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள்.

"மிஸ், திறக்கவே மாட்டேங்குது. லேட்டாயிடும், மிஸ்!"

"ஆகட்டும், விடு. தள்ளு, நான் பாக்குறேன்."

பூட்டில் கை வைத்தாள். ஒலிபெருக்கி கரகரத்தது. "லாக்டவுன். லாக்டவுன். இது ஒத்திகை இல்லை."

பின்னால் பிள்ளைகள் வகுப்புக் கதவைப் படீரென்று சாத்தினார்கள். சாத்தினால் தானே பூட்டிக்கொள்ளும் கதவு. சாவி உள்ளே, மேசைமேல்.

டெலைலாவை இழுத்துக்கொண்டு ஓடித் தட்டினாள். "நான்தான்! திறங்க!" உள்ளே விளக்கு அணைந்தது. ஒரு மூச்சுச் சத்தம்கூட இல்லை. "திறங்கடா! டெலைலா வெளியே இருக்கா!" ஐயோ, எவ்வளவு ஒழுங்காகக் கற்றுக்கொண்டிருக்கிறார்கள்! நடைபாதையின் அந்தக் கோடியில் எதுவோ தடாலென்று விழுந்தது.

கழிவறைக்குள் பாய்ந்தாள். கடைசி அறையில் டெலைலாவை இருக்கைமேல் ஏற்றிக் கால் தெரியாமல் குந்த வைத்து, தானும் ஏறித் தாழிட்டாள். டெலைலா அவள் காதருகில் கிசுகிசுத்தாள்.

"நம்ம குரல் அவங்களுக்குக் கேக்கலையா, மிஸ்?"

"கேட்டிருக்கும்."

"அப்புறம் ஏன் திறக்கல?"

லொரெய்ன் அவள் வாயைப் பொத்தினாள். வெளியே யாரோ நடந்துபோனார்கள். திரும்பி வந்தார்கள். நின்றார்கள். கடவுளே, என்னை எடுத்துக்கொள், இந்தக் குழந்தையை விட்டுவிடு என்று மனசுக்குள் கெஞ்சினாள். காலடி நகர்ந்தது. எவ்வளவு நேரம் ஆனதோ, "எல்லாம் சரியாகிவிட்டது" என்று தலைமையாசிரியர் ஒலிபெருக்கியில் சொன்னார். வண்டி நிறுத்துமிடத்தில் ஒரு ஆள் நீளமாக ஏதோ வைத்திருந்தானாம். மீன் தூண்டிலாம். கழிவறை வாசலில் நடந்தது காவலுக்கு வந்த போலீஸ்காரர்.

தலைமையாசிரியரே சாவி கொண்டுவந்து வகுப்பைத் திறந்தார். மூலையில் பிள்ளைகள் ஒருவர்மேல் ஒருவராகக் கிடந்தார்கள். வேட் என்ற பையன் எழுந்தான். அழுது முகம் வீங்கியிருந்தது.

"மிஸ், உங்க குரல்தான்னு தெரிஞ்சுது. ரெண்டு பேரு திறக்கப் போனாங்க. நான்தான் சட்டையப் பிடிச்சு இழுத்தேன். கோபமா?"

"இல்லப்பா. சரியாத்தான் செஞ்சே."

"நெசமாவே ஒருத்தன் வந்து, நீங்க வெளியே மாட்டியிருந்தா?"

வகுப்பே அவள் வாயைப் பார்த்தது. பொய் சொல்ல வழியில்லை. "அப்பவும் திறக்கக் கூடாது" என்றாள்.

அதுவரை அவள் கையை இறுகப் பிடித்திருந்த டெலைலா, மெதுவாகக் கையை உருவிக்கொண்டாள்.