தம்பியின் கோப்பு

நம்மவர்களின் வேலையை மட்டும் ஏன் எப்போதும் கடைசிக்குத் தள்ளிவைக்கிறோம்? தன் பிரஷ் பட்டறையைப் பூட்டிய நாளிலிருந்து, அக்காவை நினைக்கும்போதெல்லாம் தம்பியின் மனதில் இந்தக் கேள்விதான் எழுகிறது.

அக்கா சிறுவணிகர் சங்கத்தில் எழுத்தர். டயர் கடைக்கு மேலே ஒற்றை அறை, கால் ஆடும் மேசை. தோல், முடி, தேன் என்று உயிரினங்களிலிருந்து கிடைக்கும் எந்தப் பொருளும் ஆய்வகச் சான்று இல்லாமல் எல்லை தாண்டக் கூடாது என்று கெடு வைத்துப் புது விதி வந்தபோது, தோல் பை தைப்பவர், கம்பளிக் காலுறை பின்னுபவர் என்று நாற்பத்தொரு பேர் அந்தப் படியேறினார்கள். சுற்றறிக்கை யாருக்கும் தலைகால் புரியவில்லை.

"இந்த ஆடு எந்தப் பண்ணையில மேஞ்சதுன்னு ஆட்டையா போய்க் கேக்க முடியும்?" என்றார் பை தைப்பவர்.

"கேளுங்க. அப்படியே ஒரு கையெழுத்தும் வாங்கிட்டு வாங்க," என்றாள் அக்கா, சிரிக்காமல். பிறகு அவளே பண்ணைக்குப் பேசி எழுதி வாங்கினாள்.

தம்பி ஆட்டுமுடியில் பெயிண்ட் பிரஷ் செய்தான். அவனை நம்பி ஆறு பேர். சரக்கு முழுவதையும் எடுப்பவர் எல்லைக்கு அப்பால் ஒரே வியாபாரி. கெடுவுக்குள் சான்று வராவிட்டால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டார்.

"என்னோடது எப்பக்கா?"

"நீ எங்கடா ஓடிப்போகப்போற? வெளியாளுங்க முடியட்டும்."

மூன்று மாதம் இதையே சொன்னாள். அவனுக்கும் அதில் ஒரு பெருமை இருந்தது.

கெடுவுக்கு முந்தைய வெள்ளிக்கிழமை, மேசையில் மிஞ்சியவை இரண்டே கோப்புகள். ஒன்று தம்பியுடையது. மற்றது தேன் பாட்டில் அடைத்து விற்கும் பெண்ணுடையது. முதல் நாள்தான் விதியைக் கேள்விப்பட்டுப் பதறி ஓடிவந்தவள். இருவரும் எதிரே உட்கார்ந்திருக்கும்போதே ஆய்வகத்திலிருந்து தொலைபேசி வந்தது.

அக்கா ரிசீவரைக் கையால் பொத்திக்கொண்டாள். "கெடுவுக்குள்ள இன்னும் ஒரே ஒரு சோதனைக்குத்தான் இடமாம்."

"உங்க தம்பிக்கே போடுங்கம்மா," என்றாள் தேன்காரி. "லேட்டா வந்தது என் தப்பு." சொல்லிவிட்டுத் தரையைப் பார்த்தாள்.

அந்த இடம் தனக்குத்தான் என்பதில் தம்பிக்குச் சந்தேகமே வரவில்லை.

அக்கா இரண்டு கோப்புகளையும் பார்த்தாள். தம்பியின் முகத்தைப் பார்க்கவில்லை.

"எழுதிக்கோங்க," என்றாள் தொலைபேசியில். "பொருள், தேன்."

ஏனென்று அன்றும் சொல்லவில்லை, பிறகும் சொல்லவில்லை.