கரிநாக்கும் எக்ஸ் சாரும்

'தீப்பிடித்தால்' என்று ஒரு வார்த்தை சொல்ல வராமல், பெரியக்காவுக்கு வரவிருந்த பதவி கைநழுவிப் போகப் பார்த்தது. அதைத் தமிழில்கூடச் சொல்ல வேண்டியதில்லை, இங்கிலீஷில் சொன்னால் போதும். அந்த மொழியும் ஓட்டல் விருந்தாளிகளிடம் பேசிப் பேசி அவளுக்கு ஓரளவு பழகியதுதான். வாய்தான் ஒத்துழைக்க மறுத்தது.

அந்தப் பெரிய ஓட்டலில் அறைகளைச் சுத்தம் செய்யும் பெண்களுக்கெல்லாம் அவள் பெரியக்கா. மேனேஜர்கூட அப்படித்தான் கூப்பிடுவார். படுக்கை விரிப்பை ஒரு உதறு உதறினாளென்றால் சுருக்கமெல்லாம் சொல்லாமல் கொள்ளாமல் ஓடிவிடும். குளியலறைக் கண்ணாடியில் ஒரு விரல் பதிந்திருந்தாலும் கதவருகில் நின்றே கண்டுபிடித்துவிடுவாள். ஆனால் மெத்தையைத் தூக்கித் தூக்கி முதுகு போய்விட்டது. "இப்படியே குனிஞ்சுக்கிட்டு இருந்தீங்கன்னா ஒரு நாள் நிமிரவே முடியாமப் போயிடும்" என்று டாக்டர் பட்டென்று போட்டு உடைத்துவிட்டார். அந்த நேரம் பார்த்து மாடி சூப்பர்வைசர் வேலை காலியானது. குனிய வேண்டாம், தூக்க வேண்டாம். நடந்து பார்த்து, சரியில்லாததைச் சொன்னால் போதும்.

அதில் ஒரு வில்லங்கம் இருந்தது. புதிதாக வந்து தங்குகிறவர்களுக்குப் பாதுகாப்பு விளக்கம் கொடுப்பதும் இனி சூப்பர்வைசர் வேலைதானாம். இங்கிலீஷில், நின்றபடி, தாளைப் பார்க்காமல். இப்படி நடந்தால் என்ன செய்ய வேண்டும், அப்படி நடந்தால் என்ன செய்யக் கூடாது, பேச்சு முழுக்க இதுதான். மேனேஜர் முன்னால் பேசிக் காட்டி, அவர் கேட்கும் கேள்விக்கும் பதில் சொல்லித் தேற வேண்டும்.

முதல் தடவை பெரியக்கா சீருடையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு, நிமிர்ந்து நின்று, கணீரென்று ஆரம்பித்தாள். "திஸ் ஹோட்டல் வில் நெவர் கேட்ச் ஃபயர். ஈவன் தென், ப்ளீஸ் யூஸ் த ஸ்டெப்ஸ்."

மேனேஜர் பேனாவை மூடி வைத்தார். "பெரியக்கா, தீயே பிடிக்காதுன்னா அவங்க எதுக்குப் படியில எறங்கணும்?"

"எறங்கட்டுமே சார். ஒடம்புக்கு நல்லதுதானே?"

நல்ல மனிதர், சிரிப்பை அடக்கிக்கொண்டார். "அடுத்த வாரம் இன்னொரு தடவ பாப்போம். அதுலயும் சரியா வரலன்னா வெளியிலேர்ந்துதான் ஆள் எடுக்கணும். மேலிடத்துக்கு நான் பதில் சொல்லணும்ல?" என்றார். பெரியக்கா தலையை ஆட்டிவிட்டு, வலிக்கும் முதுகோடு மறுபடி மெத்தைகளைத் தூக்கப் போனாள்.

விஷயம் இதுதான். அவளுக்குக் கரிநாக்கு என்று வீட்டில் பெயர். கெட்டது சொன்னால் அப்படியே பலித்துவிடுமாம். சின்ன வயதில் ஒரு நாள் அவள் மொட்டை மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். தம்பி தண்ணீர்த் தொட்டியின் இரும்பு ஏணியில் ஏறிக்கொண்டிருந்தான். "டேய், விழுந்தா கால் ஒடஞ்சிடும்டா!" என்று கத்திவிட்டுத் துணியை எடுக்கக் குனிந்தாள். இரண்டு துணி போடுவதற்குள் தொப்பென்று சத்தம் கேட்டது. கால் உடைந்துதான் போயிருந்தது. "கரிநாக்குடி ஒனக்கு! ஒன் வாயில வசம்ப வச்சுத் தேய்க்க!" என்று அம்மா ஆஸ்பத்திரி வராந்தாவில் வைத்தே அறைந்தாள். அதோடு பெயர் ஒட்டிக்கொண்டது. சித்தி வீட்டில் கல்யாணப் பேச்சு நடந்தபோது அவளைச் சமையலறையை விட்டு வெளியே வர விடவில்லை. பெரியம்மா பேத்திக்குப் பரீட்சை என்றால், "தாயே, நீ மட்டும் வாயத் தொறக்காத" என்று கும்பிடு போடுவார்கள். மற்றவர்கள் பாதி விளையாட்டாகத்தான் சொன்னார்கள். அவள்தான் முழுசாக நம்பித் தொலைத்தாள்.

ஆக, இங்கிலீஷ் சொல்லிக்கொடுக்கும் பாவம் நாத்தனார் தலையில் விழுந்தது. அவள் பக்கத்துத் தெருவில் ட்யூஷன் எடுக்கிறவள். அண்ணியிடம் மரியாதைக்குக் குறைவில்லை; திட்டினாலும் மரியாதையாகத்தான் திட்டுவாள்.

"அண்ணி, இது ஒண்ணும் பெரிய வித்தை இல்ல. தமிழ்ல 'வந்தா'ன்னு ஆரம்பிச்சுட்டு, 'செய்வேன்', 'செய்யலாம்', 'செய்யணும்', 'செய்யக் கூடாது'ன்னு வால மட்டும் மாத்துறோம்ல? இங்கிலீஷ்ல அந்த வாலுக்குத் தனித்தனியா வார்த்தை வச்சிருக்கான். வுட், குட், மைட், ஷுட், மஸ்ட். எந்த எடத்துல எதுன்னு தெரிஞ்சாப் போதும்."

அது இரண்டே மாலையில் தெரிந்துவிட்டது. நல்ல வாக்கியமாகக் கேட்டால் மடமடவென்று வந்தது. லீவு கிடைத்தால் என்ன செய்வீர்கள்? பெரிய வீடு வாங்கினால்? மகாராணி ஆனால்? வுட்டும் குட்டும் வரிசை கட்டி நின்றன. "சரி, வீடு இடிஞ்சு விழுந்தா?" என்று நாத்தனார் கேட்டதும் வாய் கப்பென்று மூடிக்கொண்டது.

"வேற கேளும்மா."

"கற்பனைதான் அண்ணி!"

"கற்பனையில எதுக்கு நம்ம வீடு இடியணும்? வேற யாரு வீடாவது இடியட்டும்."

நாத்தனாருக்குப் பளிச்சென்று ஒரு யோசனை தோன்றியது. உலகத்தில் இல்லாத ஒரு ஆளை உண்டாக்கி, எல்லாக் கெடுதலையும் அவர் தலையில் கட்டிவிட்டால்? அப்படிப் பிறந்தவர்தான் மிஸ்டர் எக்ஸ். இல்லாத ஆளுக்குப் பலித்தால் என்ன, பலிக்காவிட்டால் என்ன? பெரியக்காவின் நாக்கு அவிழ்ந்துகொண்டது. எக்ஸ் வீட்டில் தீப்பிடித்தால் அவர் லிஃப்டில் போகக் கூடாது. எக்ஸ் குளியலறையில் வழுக்கினால் கை உடையலாம். எக்ஸ் சாவியைத் தொலைத்தால், பணத்தைத் தொலைத்தால், வேலையைத் தொலைத்தால்...

பாடம் நன்றாகத்தான் போனது, பெரியக்காவுக்கு அவர் மேல் பரிதாபம் வரும் வரைக்கும். மூன்றாம் நாளே அவர் எக்ஸ் சார் ஆகிவிட்டார். "இன்னிக்கு எக்ஸ் சார விட்டுடும்மா. நேத்துதான் வெள்ளத்துல எல்லாத்தையும் விட்டுட்டு வந்திருக்காரு, மனுஷன் கொஞ்சம் மூச்சு விடட்டும்" என்றாள். பஸ் டிரைவரான அவள் வீட்டுக்காரர் கூடத்தில் சாப்பிட்டுக்கொண்டே எட்டிப் பார்த்தார். "அந்த ஆளுக்கு இன்னும் என்னதான் பாக்கி? பேசாம ஊரை விட்டே ஓடச் சொல்லு."

ஆனால் எத்தனை நாள் அவரை வைத்து ஓட்ட முடியும்? தேர்வுக்கு முதல் நாள் மாலை நாத்தனார் கறாராகச் சொல்லிவிட்டாள். "நாளைக்கு எக்ஸ் கிடையாது அண்ணி. எக்ஸ் எந்த ரூம்ல இருக்காருன்னு கேப்பாங்க. எதிர்ல நிக்கிறவரப் பாத்து 'யூ'ன்னுதான் சொல்லணும்."

"நம்மள நம்பி வந்து தங்கியிருக்கிறவங்கள, நீ தீயில மாட்டுனா, நீ வழுக்கி விழுந்தான்னு மூஞ்சிக்கு நேரா சொல்லச் சொல்றியா? பெத்தவ கேட்டா வயிறு எரிய மாட்டாளா?"

அந்த நேரத்தில் தம்பி வந்தான். அதே தம்பிதான். இப்போது உயரமான கட்டடங்களுக்குப் பெயிண்ட் அடிக்கும் கூட்டத்துக்கு மேஸ்திரி. நடையில் இலேசாக ஒரு சாய்வு உண்டு. அக்கா கொடுத்த டீயை வாங்கிக்கொண்டு, கையெல்லாம் வெள்ளைப் புள்ளியோடு ஓரமாக உட்கார்ந்து வேடிக்கை பார்த்தான்.

நாத்தனாருக்குப் பொறுமை போய்விட்டது. "சரி, இனிமே நடக்கப் போறது எதுவும் வேண்டாம். நடந்து முடிஞ்சதச் சொன்னா அது புதுசா பலிக்கவா போகுது? அன்னைக்கு இவரு விழுந்தாரே, அத வச்சு ஒண்ணு சொல்லுங்க பாப்போம்."

பெரியக்கா தரையைப் பார்த்தாள். அப்புறம் காற்றுப் போன குரலில் சொன்னாள்: "இஃப் ஐ ஹாட் நாட் ஸ்போக்கன், ஹி வுட் நாட் ஹாவ் ஃபாலன்."

"அட்றா சக்கை! ஒரு பிழை இல்ல!" என்று நாத்தனார் கையைத் தட்டினாள். தட்டிய பிறகுதான் அண்ணியின் கண்ணைப் பார்த்தாள். தட்டிய கையை என்ன செய்வதென்று தெரியாமல் மடியில் வைத்துக்கொண்டாள்.

"அக்கா என்ன சொல்லுது?" என்று நாத்தனாரைக் கேட்டான் தம்பி.

"தான் சொல்லாம இருந்திருந்தா நீங்க விழுந்திருக்க மாட்டீங்களாம்."

தம்பி டம்ளரைக் கீழே வைத்தான். "தப்பு."

"தப்பே இல்ல, எல்லாம் சரியாத்தான் இருக்கு."

"இங்கிலீஷ நான் என்னத்தக் கண்டேன்? விஷயம் தப்பு." அக்கா பக்கம் திரும்பினான். "நீ கத்துனப்ப நான் ஏணியோட பாதியத் தாண்டிட்டேன்க்கா. அந்தச் சத்தத்துலதான் பயந்து எறங்க ஆரம்பிச்சேன். கிட்டத்தட்ட எறங்கி முடிக்கிற நேரத்துல கால் வழுக்கிடுச்சு. மேல தொட்டிகிட்ட இருந்த கைப்பிடி துருப்பிடிச்சு இத்துப் போயிருந்துச்சு. மறுநாள் அப்பா ஏறிப் பிடிச்சப்ப கையோட வந்துடுச்சு. நான் மட்டும் அதப் பிடிச்சிருந்தேன்னா மாடியில விழுந்திருக்க மாட்டேன், நேரா தெருவுலதான். நீ சொல்லாம இருந்திருந்தா இன்னிக்கு ஒன் கையால டீ குடிச்சிருக்க மாட்டேன்."

கூடத்திலிருந்து வீட்டுக்காரரும் வந்து கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"ஏன்டா, இத அப்பவே சொல்றதுக்கென்ன?" என்றாள் பெரியக்கா.

"யாரு கேட்டா? மாவுக்கட்டோட படுத்திருக்கேன், ஆளாளுக்கு ஒன்னத் திட்டுறதுலயே குறியா இருந்தாங்க. அப்பா சொல்லியிருப்பாருன்னு நெனச்சேன். கரிநாக்குன்னு கூப்பிடுறதும் சும்மா கிண்டலுக்குன்னுதான் நெனச்சேன். நீ இத நெஞ்சுல வச்சுக்கிட்டுத் திரியிறன்னு எனக்கெப்படித் தெரியும்?" அவன் மூக்கை உறிஞ்சினான். "இன்னிக்கும் கயிறு கட்டி எறங்குறப்ப ஒன் குரல்தான் காதுல கேக்குது. என்கிட்ட வேல பாக்குற பசங்களுக்கும் காலையில அதையேதான் சொல்லி ஏத்தி விடுறேன். விழுந்தா கால் ஒடஞ்சிடும்டான்னு. இதுவரைக்கும் ஒருத்தன் விழல."

பெரியக்கா அவன் முதுகில் பளாரென்று ஒன்று வைத்தாள். அப்புறம் அவன் தோளிலேயே சாய்ந்து அழுதாள். அழும்போதே சிரிப்பும் வந்தது. எத்தனையோ வருஷமாக நெஞ்சில் உட்கார்ந்திருந்த பாறாங்கல்லை யாரோ சும்மா வந்து தூக்கிக்கொண்டு போனார்கள். அவ்வளவு நிம்மதியாக இருந்தது. முதுகு வலிகூடக் கொஞ்ச நேரம் மறந்துபோனது.

"அப்ப வாக்கியத்த மாத்துங்க அண்ணி" என்றாள் நாத்தனார், தன் கண்ணையும் துடைத்துக்கொண்டு.

"இஃப் ஐ ஹாட் நாட் ஸ்போக்கன்..." அவள் தம்பியைப் பார்த்தாள். "ஹி மைட் ஹாவ் டைட்."

"வுட் போட்டாத்தான் அழுத்தமா இருக்கும். மைட்னா 'போனாலும் போயிருப்பான்'னு ஆயிடும்."

"போனாலும் போயிருப்பான், அவ்வளவுதான். அதுக்கு மேல என் தம்பிக்கு வேண்டாம்."

நாத்தனார் அதற்கு மேல் வற்புறுத்தவில்லை.

மறுநாள் மேனேஜர் அறையில் பெரியக்கா நின்ற நிலையே வேறு. "இஃப் யூ ஹியர் த அலாரம், யூ மஸ்ட் லீவ் த ரூம் அட் ஒன்ஸ். யூ மஸ்ட் நாட் யூஸ் த லிஃப்ட். இஃப் த பவர் ஃபெயில்ஸ், யூ குட் பி ட்ராப்ட் இன்சைட்." மேனேஜர் நிமிர்ந்து உட்கார்ந்தார். படியில் புகை வந்தால் என்ன செய்ய வேண்டும் என்று கேட்டார். சொன்னாள். கேட்காததையும் சொன்னாள். ஈரக் கையோடு முடி உலர்த்தும் மெஷினைத் தொட்டால் என்ன ஆகும், இஸ்திரிப் பெட்டியை மெத்தை மேல் வைத்துவிட்டுத் தூங்கினால் என்ன ஆகும், குழந்தையை ஜன்னலோரம் விட்டுவிட்டுப் போனில் பேசினால் என்ன ஆகும்? அத்தனை வருஷம் அறை அறையாகப் பார்த்துப் பதறி, வாயைத் திறக்காமல் விழுங்கிய பயமெல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. குட்டும் மைட்டும் மஸ்டும் அந்தந்த இடத்தில் உட்கார்ந்தன.

"போதும் பெரியக்கா, போதும்" என்று மேனேஜர் இரண்டு கையையும் தூக்கிவிட்டார். "இவ்வளவும் கேட்டா வந்தவங்க ரூமக் காலி பண்ணிட்டுப் போயிடுவாங்க. வேலை உங்களுக்குத்தான். இதுல பாதியச் சொல்லுங்க, போதும்."

அன்றைக்கே விரிப்புத் தள்ளுவண்டியை இன்னொருத்தியிடம் ஒப்படைத்தாள். வீட்டுக்கு வந்ததும் கட்டிலில் மல்லாந்து படுத்து, முதுகை நன்றாக நீட்டினாள்.

அடுத்த நாள் விடியற்காலையில் வீட்டுக்காரர் முதல் பஸ்ஸை எடுக்கக் கிளம்பினார். வெளியே தூறிக்கொண்டிருந்தது. அவர் கிளம்பும்போது அவள் சாப்பாட்டுப் பையைக் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போய்விடுவாள், கல்யாணமான நாளிலிருந்து அப்படித்தான். மற்ற டிரைவர்களின் பெண்டாட்டிகள் மெதுவா போங்க, பாத்துப் போங்க என்று பிடுங்கி எடுப்பதாகச் சொல்லி அவர்கள் சலித்துக்கொள்வார்கள். இவர் பேசாமல் கேட்டுக்கொண்டிருப்பார். தன் வீட்டில் அப்படி ஒரு குரல் வராதது அவருக்கு உள்ளுக்குள் ஒரு குறைதான், ஆனால் யாரிடமும் வாய்விட்டுச் சொன்னதில்லை.

இன்றைக்கு அவள் உள்ளே போகவில்லை. வாசலிலேயே நின்றாள்.

"மழை பெஞ்சா ரோடு வழுக்கும். வேகமாப் போனா பிரேக் பிடிக்காமப் போனாலும் போகும். மெதுவாப் போங்க. கண்ணு சொக்குனா ஓரமா நிறுத்திட்டு ஒரு டீ குடிங்க. எவனாவது முந்திக்கிட்டுப் போனா போகட்டும்னு விடுங்க. ஒங்களுக்கு ஒண்ணுன்னா..." வழக்கமாக வாய் மூடிக்கொள்ளும் இடம் அது. ஆனால் நிறுத்தவில்லை. "ஒங்களுக்கு ஒண்ணுன்னா என்னால தாங்க முடியாது."

அவர் குடையைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றார்.

"முடிஞ்சுதா?"

"இன்னும் நெறைய இருக்கு."

அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு குடையை மடக்கி, பையை மடியில் வைத்துக்கொண்டு வாசற்படியில் உட்கார்ந்தார்.

"சொல்லு," என்றார், "எல்லாத்தையும் சொல்லு."