பகையாளி வீட்டில் டீ குடித்த தரகர்

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை கார்டு வந்தது. மூலையில் கறுப்பு மை தடவியிருந்தது. புரோக்கர் முனிரத்தினம் காலமானார், பதினாறாம் நாள் காரியம் திருவள்ளூரில் என்று நாலு வரி. நான் உடனே நம்பிவிடவில்லை. முப்பது வருஷம் ரிஜிஸ்திரார் ஆபீஸ் வாசலில் உட்கார்ந்து பத்திரம் எழுதியவன் நான். இறந்துபோனதாக எழுதிக் கொடுக்கப்பட்ட ஆள் மறு வாரம் நடந்து வந்து கைநாட்டு வைத்ததைப் பார்த்திருக்கிறேன். எழுத்து யாருடையது, தபால் முத்திரை எந்த ஊருடையது என்று கார்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். கடைசியில் ஊத்துக்கோட்டை பஸ் ஸ்டாண்டுக்குப் போய், திருவள்ளூர் வண்டியின் கண்டக்டரைப் பிடித்துக் கேட்டேன். "ஆமா ரைட்டரே, நெஞ்சு வலியாம். யாருக்கோ ஊடு காட்டப் போன எடத்துல அப்படியே ஒக்காந்துட்டாராம்" என்றார். அதற்குப் பிறகுதான் எனக்குக் கண் கலங்கியது.

திருவள்ளூரிலும் கும்மிடிப்பூண்டியிலும் வீடு விற்றவர்களுக்கு முனிரத்தினத்தைத் தெரியாமல் இருக்காது. கக்கத்தில் ரெக்சின் பை, காலில் டயர் செருப்பு, எந்த வீட்டுக்குள் நுழைந்தாலும் முதலில் மேலே அண்ணாந்து பார்க்கும் பழக்கம். அவர் நல்லவர் என்று நீங்கள் எல்லோரும் சொல்வீர்கள். நான் அவரை வருஷக்கணக்கில் சந்தேகப்பட்டவன். அதையும் யாராவது எழுதி வைக்க வேண்டும் அல்லவா?

"நான் விக்கறவங்க ஆளு" என்று அவர் வெளிப்படையாகச் சொல்லிக்கொள்வார். ஆனால் செய்கிற காரியமெல்லாம் வாங்குகிறவனுக்குச் சாதகமாகவே எனக்குத் தெரியும். சாதாரணமாக வீட்டை விற்கப் போகிறவர்கள் முதலில் சுண்ணாம்பு அடிப்பார்கள். இவர் வேண்டாம் என்பார். "புதுசா சுண்ணாம்பு அடிச்ச செவுரப் பாத்தா வர்றவன் தட்டிப் பாக்காம போவ மாட்டான். அந்தச் செலவுல தண்ணி போற ஜலதாரையக் கழுவி உடு. கெணத்தச் சுத்தித் தேச்சு உடு. பழைய செவுரு பழசாவே இருக்கட்டும்." ஓட்டில் ஒழுகல் இருந்தால், மழை நாளாகப் பார்த்து ஆளைக் கூட்டி வருவார். விற்கிறவர் முகம் சுண்டிப்போகும். வாங்குகிறவனிடம் ஏதோ வாங்கிக்கொண்டுதான் இந்த வேலை செய்கிறார் என்று நான் மனதுக்குள் முடிவு கட்டியிருந்தேன்.

கும்மிடிப்பூண்டிப் பக்கம் தொழிற்பேட்டை வரப்போகிறது என்ற பேச்சு கிளம்பிய சமயம், பத்திரங்களைச் சரிபார்க்க என்னையும் ஒரு வீட்டுக்கு அழைத்துப் போனார். ஏன் விற்கிறீர்கள் என்று வாங்க வந்தவர் சாதாரணமாகத்தான் கேட்டார். வீட்டுக்காரர் மெட்ராசில் வேலை கிடைத்துவிட்டது என்றார். அவர் சம்சாரம் உள்ளேயிருந்து, கோடையில் கிணறு வற்றிவிடுகிறது என்றாள். தம்பிக்காரன், நிலத்தை சர்க்கார் எடுத்துக்கொள்ளும் என்கிறார்களே என்றான். வந்தவர் காப்பியைக்கூடக் குடிக்காமல் எழுந்துவிட்டார். அவர் போன பிறகு முனிரத்தினம் வீட்டார் எல்லோரையும் உட்கார வைத்தார். "ஊட்ல மூணு பேரு மூணு காரணம் சொன்னா, வந்தவன் நாலாவதா ஒண்ண அவனா நெனச்சிக்குவான். அதுதான் எல்லாத்தையும் விட மோசமா இருக்கும். எது நெசமோ அத ஒண்ண மட்டும் எல்லாரும் சொல்லுங்கோ" என்றார். சர்க்கார் நிலத்தை எடுக்குமா எடுக்காதா என்று வீட்டுக்காரர் கேட்டதற்கு, "எனக்குத் தெரியாது நைனா" என்றார். தெரியாது என்று சொல்கிற புரோக்கரை அதுவரை நான் கண்டதில்லை. இவருக்கு ஏதோ தெரிந்திருக்கிறது, மறைக்கிறார் என்றுதான் நினைத்தேன்.

இனி என் சங்கதிக்கு வருகிறேன். திருவள்ளூரில் என் வீட்டுக்குப் பின்னால் ஒரு நெல் மில் வந்தது. கொடியில் காயும் துணியில் உமிச் சாம்பல், குடத்துத் தண்ணீரில் உமிச் சாம்பல். என் மனைவி சரோஜாவுக்கு மூச்சிரைப்பு வந்தது. படுத்தால் மூச்சு முட்டும் என்று சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடியே தூங்குவாள். "ஊசி போடலாம், மாத்திரை தரலாம், வீட்டை நான் மாற்ற முடியாது" என்றார் டாக்டர். அடுத்த பனிக்காலத்துக்குள் அங்கிருந்து கிளம்பியாக வேண்டும் என்றும் சொன்னார். வாடகைக்கு வேறெங்காவது போயிருக்கலாம். நான் போகவில்லை. எனக்கும் பக்கத்து வீட்டுக்காரனுக்கும் நடுவில் ஒரு சந்து இருந்தது. நான் நகர்ந்த மறுநாளே அவன் அதில் சுவர் எழுப்பிவிடுவான் என்ற பயம். பக்கத்து வீட்டுக்காரன் கஜபதி என் சித்தப்பா மகன். ஏழு வருஷமாக எங்களுக்குள் பேச்சு வார்த்தை கிடையாது.

வீட்டை விற்றுத் தரும்படி முனிரத்தினத்திடம்தான் சொன்னேன். சந்தேகம் ஒரு பக்கம் இருந்தாலும் அவர் கையில் போன வீடு எதுவும் தங்கியதில்லை என்பது எனக்குத் தெரியும். வந்தார், அண்ணாந்து பார்த்தார், பத்திர நகலை வாங்கிப் பையில் வைத்துக்கொண்டார். மூன்றாம் நாள் காலை நான் ஜன்னலைத் திறந்தால், கஜபதி வீட்டு வாசல் பெஞ்சில் உட்கார்ந்து நாஷ்டா பண்ணிக்கொண்டிருக்கிறார். இட்லி முடிந்து டீயும் வந்தது. கஜபதி கையை ஆட்டி ஆட்டி ஏதோ சொல்ல, இவர் தலையை ஆட்டிக்கொண்டிருந்தார். அடுத்த வாரமும் போனார். நான் கதவு இடுக்கில் நின்று பார்த்தேன். என் வீட்டை அடிமாட்டு விலைக்கு இறக்கி அவன் கையில் கொடுக்கப் போகிறார், இரண்டு பக்கமும் கமிஷன் அடிக்கப் போகிறார் என்று எனக்கு நிச்சயமாகிவிட்டது. உள்ளே சரோஜா இருமிக்கொண்டிருந்தாள்.

ரிஜிஸ்திரார் ஆபீஸ் புளிய மரத்தடியில் நாலு பேர் முன்னால் அவரை நிறுத்திக் கேட்டேன். "நீங்க யார் ஆளு?"

"உங்க ஆளுதான் ரைட்டரே. அதனாலதான் அங்க போறேன்" என்றார், கொஞ்சமும் அலட்டிக்கொள்ளாமல். "ஊடு வாங்க வர்றவன் உங்களாண்ட பத்து நிமிஷம் பேசுவான். பக்கத்து ஊட்டாண்ட அரை மணி நேரம் பேசுவான். அங்க இன்னா சொல்லப் போறாங்கன்னு நான் மொதல்ல கேட்டுக்க வேணாவா? விக்கறவனோட சண்டக்காரன் ஊட்டுக்குப் போவாத புரோக்கரு, பாதி வேலதான் பாத்தவன்."

நல்ல சாமர்த்தியமான பதில். அதனாலேயே நான் நம்பவில்லை. பத்திர நகலைத் திருப்பி வாங்கிக்கொண்டேன்.

வேறொரு தரகரை வைத்தேன். அவன் என் மனதுக்குப் பிடித்த மாதிரி வேலை செய்தான். மில்லுக்கு விடுமுறை நாளாகப் பார்த்து ஆட்களைக் கூட்டி வந்தான். சுவருக்குச் சுண்ணாம்பு அடிக்கச் சொன்னான்; அடித்தேன். அந்த வாடை சரோஜாவுக்கு ஆகாமல் இரண்டு நாள் அவள் அக்கா வீட்டில் விட்டு வைத்தேன். வந்தவர்களுக்கெல்லாம் வீடு பிடித்தது. நாளைக்கே அட்வான்ஸோடு வருகிறோம் என்பார்கள். தெருமுனை தாண்டிய பிறகு ஒருவரும் திரும்பவில்லை. ஐந்தாவது ஆள் போகும்போது நானே பின்னால் போய் நின்று கேட்டேன். கஜபதி தன் வாசலில் உட்கார்ந்து வெகு மரியாதையாகச் சொல்லிக்கொண்டிருந்தான்: "ஊடு நல்ல ஊடுங்க. சந்து கேசோட சேத்து வாங்கிக்கோங்கோ."

புரட்டாசி பிறந்துவிட்டது. காலையில் லேசாகக் குளிர ஆரம்பித்தது. ஒரு நாள் சரோஜாவால் கிணற்றடியிலிருந்து வாசல் வரை நடக்க முடியவில்லை. நடுவில் உட்கார்ந்துவிட்டாள். அன்றைக்கு மத்தியானம், நான் கூப்பிடாமலே முனிரத்தினம் வந்தார். உட்காரச் சொல்லும் வரை நின்றார். பிறகு கேட்டார்: "ரைட்டரே, சந்து யாருது?"

"பத்திரத்தில் இருக்கிறதே" என்றேன்.

"பத்திரத்தக் கேக்கல. உங்களக் கேக்கறேன்."

இதை இத்தனை காலம் நான் யாரிடமும் சொன்னதில்லை. சந்து இரண்டு வீட்டுக்கும் பொது. எங்கள் அப்பாக்கள் காலம் தொட்டு அப்படித்தான். பாகம் பிரித்தபோது பத்திரம் எழுதியவன் நான். குடும்பத்தில் ரைட்டர் இருக்கும்போது வெளியாளுக்கு எதற்குக் கூலி என்று எல்லோரும் சொன்னார்கள். எல்லைகளை எழுதிக்கொண்டு வரும்போது சந்தை என் பாகத்துக்குள் எழுதிவிட்டேன். கஜபதி படித்துப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டான். அண்ணன் எழுதினால் சரியாக இருக்கும் என்றான். நாலைந்து வருஷம் கழித்து அவன் சந்தில் சாக்கடை வெட்ட வந்தபோது பத்திரத்தை எடுத்துக் காட்டினேன். அன்றைக்கு அவன் தெருவில் நின்று என்னைத் திருடன் என்று கத்தினான். ஊரார் எல்லாம் அவனுக்குப் பேராசை என்று பேசினார்கள். நானும் பேசவிட்டேன்.

முனிரத்தினத்திடம் நான் இவ்வளவும் சொல்லவில்லை. "பொதுதான்" என்று மட்டும் சொன்னேன். அவர் ஆச்சரியப்படவில்லை. "குறை இருக்கற ஊட்ட வித்துடலாம் ரைட்டரே. மறைச்ச குறை இருக்கற ஊட்ட விக்க முடியாது. ஒரு திருத்தல் பத்திரம் எழுதுங்கோ. நீங்க எழுதினாதான் சரியா வரும்" என்றார். கடைசி வார்த்தையைக் குத்திக் காட்டுவதற்காகச் சொன்னாரா என்று அவர் முகத்தைப் பார்த்தேன். அப்படித் தெரியவில்லை. அப்போதும் எனக்கு ஒரு சந்தேகம், இந்தத் திருத்தலுக்காக கஜபதி இவருக்கு எவ்வளவு டப்பு பேசியிருப்பான் என்று.

பத்திரம் எழுதினேன். கஜபதி வந்து, இந்தத் தடவை ஒவ்வொரு வரியையும் விரல் வைத்துப் படித்து, கையெழுத்துப் போட்டு, என்னைப் பார்க்காமலே போனான். பத்தாம் நாள் முனிரத்தினம் ஒரு தவிட்டு வியாபாரியை அழைத்து வந்தார். மில் முழு மூச்சில் ஓடிக்கொண்டிருந்த நேரம். மில் நிற்கும் வரை காத்திருக்கலாமே என்றேன். "ஓடட்டும். இவருக்கு அந்தச் சத்தம்தான் வேணும்" என்றார். வியாபாரிக்குக் குடித்தனம் கிராமத்தில். மில்லை ஒட்டி மூட்டை அடுக்க ஓர் இடம் தேடிக்கொண்டிருந்தார். வெளியே போய் கஜபதியிடம் விசாரித்துவிட்டு வந்தார். "கேசெல்லாம் ஒண்ணும் இல்லியாமே" என்றார். ஐப்பசி முடிவதற்குள் நாங்கள் ஊத்துக்கோட்டைப் பக்கம் வந்துவிட்டோம். வயல் காற்று. இரண்டு மாதத்தில் சரோஜா படுத்துத் தூங்கினாள்.

கிரயம் முடிந்த அன்றைக்கு அவருடைய கமிஷனைக் கொடுத்துவிட்டு, மனசு கேட்காமல் கேட்டுவிட்டேன். "கஜபதியிடம் எவ்வளவு வாங்கினீர்கள்?" முனிரத்தினம் சிரித்தார். "அவங்க ஊட்டு டீ நல்லா இருக்கும் ரைட்டரே" என்று சொல்லிப் பையை இடுக்கிக்கொண்டு போய்விட்டார். அந்தச் சிரிப்பு இத்தனை வருஷமாக எனக்குள் உறுத்திக்கொண்டிருந்தது. பிறகு நான் அவரைப் பார்க்கவும் இல்லை, நன்றி சொல்லவும் இல்லை.

காரியத்துக்குப் போயிருந்தேன். பந்தலில் பாதிக்கு மேல் வீடு விற்றவர்கள்தான். கடைசி வரிசையில் கஜபதி இருந்தான். தலை நன்றாக நரைத்திருந்தது. நான் போய் அவன் பக்கத்தில் உட்கார்ந்தேன். வேறு பேச்சு எனக்கு வரவில்லை. "முனிரத்தினத்துக்கு நீ எவ்வளவு கொடுத்தே?" என்றேன்.

அவன் என் பக்கம் திரும்பினான். "நீ மாறவே இல்ல அண்ணா" என்றான். "அவரு எங்கிட்ட ஒண்ணும் வாங்கல. நான் வக்கீலுகூட பாத்துட்டேன், தெரியுமா? ஊட்ட விக்கக் கூடாதுன்னு தடை வாங்கறதுக்கு. இந்த மனுஷன், நீ அவர வேணாம்னு அனுப்பின பொறவும் விடாம, நாலு வாட்டி வந்து குறுக்க ஒக்காந்துக்கினாரு. 'சந்து எங்கயும் போயிடாது கஜபதி. அந்தம்மா மூச்சு போயிடும். பனி வர்றதுக்குள்ள அவங்கள அனுப்பிடலாம்'னாரு. அந்தத் திருடனுக்கு நான் ஏன் எறங்கி வரணும்னு கேட்டேன்."

"என்ன சொன்னாரு?"

"'அந்த ஆளு திருடன் இல்ல கஜபதி. கேட்டா குடுத்துடுவாரு. நீ தெருவுல நின்னு கத்தினியே தவிர, ஒரு வாட்டியாவது கேட்டியா?'ன்னாரு. அப்புறம்தான் வக்கீலு ஊட்டுக்குப் போறத வுட்டேன்."

நான் கதவு இடுக்கில் நின்று அவரை வேவு பார்த்த காலை வேளைகளில், அவர் அந்தப் பெஞ்சில் உட்கார்ந்து என் மனைவியின் மூச்சுக்காக மன்றாடிக்கொண்டிருந்திருக்கிறார். பந்தலில் அத்தனை பேருக்கு நடுவில் எனக்கு அழுகை வந்தது. கஜபதி தன் துண்டைக் கொடுத்தான்.

ஊருக்குத் திரும்பும்போது பஸ்ஸில் யோசித்துக்கொண்டே வந்தேன். அன்றைக்கே கஜபதி கேட்டிருந்தால் கொடுத்திருப்பேனா? என்னை எனக்குத் தெரியும். கொடுத்திருக்க மாட்டேன். எத்தனையோ வீட்டையும் ஆளையும் பார்த்தவர், அது முனிரத்தினத்துக்கும் தெரிந்திருக்கும். தாம் விற்றுக் கொடுத்த எந்த வீட்டிலும் ஒரு விரிசலைக்கூட மறைக்காத மனிதர், என்னுடைய குறையை மட்டும் மறைத்து என்னை என் தம்பியிடம் நல்லவனாக விற்றிருக்கிறார். அவருடையது என்று என்னிடம் இருப்பது அந்த ஒரு பொய்தான்.