அவரை ஓரமாக நிற்கச் சொன்னோம்

போன ஞாயிற்றுக்கிழமை பாரிஸில் எங்கள் தமிழ்க் கடைத்தெருவான லா சப்பலில் ஒரு கூட்டம். மொழிபெயர்ப்பாளர் யார்? வேறு யார்... நான்தான். இரண்டு மொழி தெரிந்த ஆள் என்று பெயரெடுத்துவிட்டால் ஞாயிற்றுக்கிழமை உங்களுடையது இல்லை.

விஷயம் இதுதான். ஜனாதிபதித் தேர்தலுக்கு யாரை நிறுத்துவது என்று முடிவு செய்ய ஒரு கட்சி தனக்குள்ளே முன்தேர்தல் வைக்கிறது. இங்கே அதை 'பிரிமேர்' என்பார்கள். போட்டியிடும் நாலு பேரில் ஒருவர் எங்கள் கடைக்காரர்களைச் சந்திக்க வருவதாகச் சொல்லியனுப்பினார். அவருக்கு வாய்ப்புக் குறைவு என்று ரேடியோவில் பேசிக்கொண்டிருந்தார்கள். இருந்தால் என்ன? வருகிறேன் என்றாரே! வர்த்தகர் சங்கத் தலைவர் குமாரசாமி அண்ணைக்குக் கால் தரையில் நிற்கவில்லை. வடை, கேசரி, சந்தனம், குங்குமம், பொன்னாடை எல்லாம் தயார்.

முதல் வரிசை கடை முதலாளிகளுக்கு. அடுத்தது அலுவலக வேலையில் இருப்பவர்களுக்கு. உணவகச் சமையலறைகளில் நிற்பவர்களுக்குப் பின்சுவர். யாரும் அப்படி எழுதி ஒட்டவில்லை. ஒட்டத்தான் வேண்டுமா? உள்ளே வந்ததும் அவரவர் இடம் அவரவருக்குத் தெரிந்துவிடுகிறது.

பின்சுவரில் சாய்ந்து நின்றவர்களில் ஒருவர் யோகன். கார் து நோர் ரயில் நிலையத்துப் பக்கம் ஒரு பிரெஞ்சு உணவகத்தில் கோப்பை கழுவுகிறார். பதினொரு வருஷமாக இங்கே தங்குவதற்கான வதிவிட கார்ட் இல்லை. அவர் புறப்பட்டு வந்தபின் ஊரில் பிறந்த மகளுக்குப் பத்து வயது. இன்னும் போனில்தான் அப்பா. வேட்பாளரிடம் கொடுக்க ஒரு கடிதம் வைத்திருந்தார். பிரெஞ்சில் எழுதிக் கொடுத்தது நான்.

"இவர் ஒரு சொல்லுச் சொன்னா, கார்ட் குடுக்கிற பிரெபெக்சரில என்ர பைலைத் திறந்தாவது பாப்பினம் அண்ணை. போன மாரியில நாங்கள் கார்ட் கேட்டு வேலைநிறுத்தம் செய்யேக்கை எங்களோட றோட்டில நிண்ட மனுசன்" என்றார்.

நாங்கள் என்றால்? அவரும், அவரோடு கோப்பை கழுவும் மாலி நாட்டுக்காரர்களும்.

"அப்ப முன்னுக்கு வாருமன்."

"வேண்டாம் அண்ணை. முன்னுக்கு முதலாளிமார் இருக்கினம்."

நானும் வற்புறுத்தவில்லை.

நாலு மணிக்கு இரண்டு பேர் உள்ளே வந்தார்கள். முன்னால் சாம்பல் நிறக் கோட் போட்ட, நரைத்த முடி வெள்ளைக்காரர். பின்னால் ஸ்வெட்டர் போட்ட, உயரமான கறுப்பினத்தவர்.

குமாரசாமி அண்ணை பொன்னாடையை விரித்துக்கொண்டு பாய்ந்தார். வெள்ளைக்காரர் கையை ஆட்டி "நோன், நோன்" என்றார். நம் அரசியல்வாதிகள் வேண்டாம் வேண்டாம் என்று சொல்லிக்கொண்டே தலையைக் குனிவார்களே... அந்த அடக்கம் என்று நினைத்தோம். அண்ணை இன்னும் இறுக்கிப் போர்த்தினார். கைதட்டல் மண்டபத்தை அதிர வைத்தது. இதற்குள் சங்கச் செயலாளர் மற்றவரின் முழங்கையைத் தொட்டு, "செக்யூரிட்டி... சில் வூ ப்ளே" என்று, அதாவது தயவுசெய்து என்று, பின்சுவரைக் காட்டினார். அவர் ஒரு கணம் பார்த்தார். பிறகு போய் நின்றார்.

சந்தனத் தட்டோடு நின்றது யார்? நிறவெறியைப் பற்றி, பத்திரிகையில் எழுதும் இதே பத்தியில் ஏழெட்டு முறை கண்ணீர் வடித்த ஆள். நானும் தட்டை வெள்ளைக்காரரிடம்தான் நீட்டினேன்.

"அண்ணை, அவரில்லை! இவர்தான்!" பின்சுவரிலிருந்து யோகன் கத்தினார்.

முதல் வரிசையில் ஒருவர் திரும்பி, "தம்பி, சத்தம் போடாதை. பெரிய ஆக்கள் வந்திருக்கினம்" என்றார்.

கைதட்டல் ஓய்ந்த பிறகுதான் வெள்ளைக்காரரால் பேச முடிந்தது. தான் உதவியாளர் மட்டுமே என்றார். வேட்பாளர் பின்சுவரோடு, யோகனுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார்.

எப்படித் தெரியாமல் போனது? பெயர் பிரெஞ்சுப் பெயர். குடும்பம் கரீபியன் கடலில் உள்ள பிரெஞ்சுத் தீவான மார்த்தினிக்கிலிருந்து வந்தது. அவருடைய படம் போட்ட துண்டுப்பிரசுரங்கள் ஒரு வாரம் முன்பே வந்துவிட்டன. கட்டை யாரும் பிரிக்கவில்லை.

பொன்னாடையை உருவி இவருக்குப் போர்த்த அண்ணை ஓடினார். "விடுங்கள், அவருக்கு நன்றாக இருக்கிறது" என்று வேட்பாளர் சிரித்தார். பிறகு வாடகை, கார்ட் இல்லாத தொழிலாளர் என்று பத்து நிமிஷம் பேசினார். முடிக்கும்போது பிரெஞ்சில் ஒன்று சொன்னார்: "இது எனக்குப் புதிதல்ல. ஆனால் இந்தத் தெருவில் எதிர்பார்க்கவில்லை."

நான் மொழிபெயர்த்தேனா? இல்லை. "உங்கள் வரவேற்புக்கு நன்றி என்கிறார்" என்றேன். மறுபடியும் கைதட்டினார்கள்.

அவர் போனபின் வடையோடு நியாயங்கள் வந்தன.

"ஒரு கறுவல் ஜனாதிபதிக்குக் கேப்பான் எண்டு ஆர் கண்டது?"

"வெள்ளையள் இவருக்கு வோட்டுப் போடாயினம். வெல்லுற ஆளுக்குப் போடுவம்."

இரண்டாவதைச் சொன்னவர் ஒரு காலத்தில் உணவகம் உணவகமாக ரோஜாப்பூ விற்று, போலீஸைக் கண்டால் ஓடி ஒளிந்தவர். இன்று மூன்று கடைகள். நம்மை நிறம் பார்த்து நிறுத்தினார்கள் என்று இத்தனை வருஷம் அழுதோமே... எதற்கு? நாமும் ஒருநாள் நிறம் பார்த்து நிறுத்துவதற்கா? எந்த வேட்பாளர் வந்து இதைத் திருத்துவார்? எனக்கு நம்பிக்கை இல்லை. என்மீதே இல்லை.

அந்த மண்டபத்தில் ஓட்டு உள்ளவர்களுக்கு அவரைத் தெரியவில்லை. தெரிந்தவருக்கு ஓட்டு இல்லை.

வெளியே யோகனைப் பிடித்தேன். "கடிதம் குடுத்தனீரோ?"

ஜாக்கெட்டுக்குள்ளிருந்து எடுத்துக் காட்டினார். மடிப்புக் கலையவில்லை.

"பக்கத்திலதானே நிண்டவர். ஏன் குடுக்கேல்லை?"

"என்னைக் கண்டு கை தந்தவர் அண்ணை. மறக்கேல்லை. ஆனா எங்கட ஆக்கள் செய்த வேலைக்குப் பிறகு, உதவி செய்யுங்கோ எண்டு எந்த முகத்தோட கேக்கிறது?"

தபாலிலாவது அனுப்புவோம் என்றேன். தலையை ஆட்டிவிட்டு, வேலைக்கு நேரமாகிறது என்று நடந்துவிட்டார்.

அத்தனை பேரில் வெட்கப்பட்டவர் அவர் ஒருவர்தான் — தண்டனையும் அவருக்கே.