ஜன்னலோர வாடிக்கையாளர்கள்

அந்த ஓட்டலில் பரிமாறுகிறவளை எல்லோரும் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள், முதலாளி உட்பட. வீட்டில் அவள் கணவன் பக்கவாதத்தில் படுத்த படுக்கை. மத்தியானக் கூட்டம் ஓய்ந்ததும் ஓடிப்போய் அவனைப் புரட்டிப் படுக்க வைத்துவிட்டு வருவாள். வேறு எந்த முதலாளி அதற்கு விடுவார்? இந்த வேலை போய்விட்டால் என்ன செய்வது என்பதுதான் கொஞ்ச நாளாக அவள் கவலை.

ஊருக்கு ஓட்டல்கள் போதவில்லையாம். புதிதாகத் திறப்பவர்களுக்கு நகராட்சி மானியம் தரப்போகிறதாம். முதல் ஓட்டல் வரப்போவது நேர் எதிரே, பூட்டிக் கிடக்கும் துணிக்கடையில்.

முதலாளி நகராட்சிக்கு நடையாய் நடந்தார். "இருக்கிற கடையிலேயே ஈ ஓட்டறோம் சார்!"

"உங்க ஜன்னலோரம் எப்பப் பார்த்தாலும் ஆள் இருக்காங்களே?" என்று அங்கே சிரித்தார்களாம்.

திரும்பி வந்துவிட்டார் மனிதர். அந்த ஆட்கள் யார் என்று எப்படிச் சொல்வார்? காலிக் கடைக்குள் யாரும் கால் வைக்க மாட்டார்கள். அதனால் வாசலில் யாராவது தயங்கி நின்றால் அக்கா கண்ணைக் காட்டுவாள். சமையல் மாஸ்டர் ஏப்ரனைக் கழற்றி வீசிவிட்டு ஜன்னலோரம் போய் உட்கார்வார். பாத்திரம் கழுவும் புருஷனும் பெண்டாட்டியும் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு எதிரே உட்கார்வார்கள்.

"நான் சமைச்சதை நானே ரசிச்சுச் சாப்பிடற மாதிரி நடிக்கணும். இந்தக் கொடுமை யாருக்கு வரும்?" என்பார் மாஸ்டர்.

"சமைக்கிறப்பவே ஒழுங்கா சமைச்சிருந்தா நடிக்க வேண்டாமே" என்பாள் அக்கா.

"நகராட்சிக்காரங்க நேர்ல வந்து பார்ப்பாங்களாம். இனிமே ஒருத்தரும் ஜன்னல் பக்கம் போகக் கூடாது" என்று முதலாளி கண்டிப்பாகச் சொல்லிவிட்டுப் போன அன்றுதான் அது நடந்தது. வாசலில் ஓர் ஆணும் பெண்ணும் எட்டிப் பார்த்துத் தயங்கினார்கள். காலையிலிருந்து வியாபாரமே இல்லை. ஐயோ, இவர்களும் போய்விடுவார்களே! அக்காவின் கண் புத்தியைக் கேட்டுக்கொண்டு நிற்கவில்லை. மறுநொடி ஜன்னலோரம் நிறைந்துவிட்டது.

உள்ளே வந்த அம்மாள் என்ன இருக்கிறது என்று கேட்கவில்லை. கைப்பையிலிருந்து பேனாவை எடுத்தாள்.

"நகராட்சியிலேர்ந்து வர்றோம். பரவாயில்லையே, இந்த நேரத்துலகூட இத்தனை பேரா! எப்பவும் இப்படித்தானா?"

இப்போது என்ன சொல்வாள் அக்கா? ஆமாம் என்றால் எதிரே புது ஓட்டல் வந்துவிடும்; இந்தக் கடை போயிற்று. இல்லை என்றால் இத்தனை நாள் ஊரை ஏமாற்றிய குட்டு வெளிப்படும். படுக்கையில் விட்டத்தையே பார்த்துக் கிடக்கும் கணவனின் முகம் நினைவில் வந்தது. எங்கிருந்துதான் துணிச்சல் வந்ததோ!

"அம்மா, இவங்க எல்லாம் எங்க ஆளுங்க."

"என்னது?"

"நீங்க சாப்பிட வந்தவங்கன்னு நினைச்சு நான்தான் உட்கார வெச்சேன். வேணும்னா அடுப்பைப் பாருங்க. கவனிக்க ஆள் இல்லாம ஏதோ தீயுது."

மாஸ்டர் அலறியடித்துக்கொண்டு உள்ளே ஓடினார். சிரிக்கத்தான் யாருக்கும் தோன்றவில்லை.

"அப்ப இந்த ஊருக்குப் புது ஓட்டல் வேண்டாம்ங்கறீங்களா?"

"ஊருக்கு வேணுமா வேண்டாமான்னு எனக்குத் தெரியாதும்மா. எதிர்ல மானியத்தோட ஒண்ணு வந்தா நாங்க இருக்க மாட்டோம். அது மட்டும் தெரியும்."

அந்த அம்மாள் பேனாவை மூடினாள். "திங்கட்கிழமை ஊர்க் கூட்டத்துலதான் முடிவு" என்று சொல்லிவிட்டுக் கூட வந்தவரோடு போய்விட்டாள்.

வாசற்படியில் முதலாளி நின்றுகொண்டிருந்தார். எல்லாவற்றையும் கேட்டிருக்கிறார்! அக்கா தலையைக் குனிந்துகொண்டாள்.

"மானத்தை வாங்கிட்டியேக்கா" என்றார். எதிரே பூட்டிக் கிடந்த துணிக்கடையைத் திரும்பிப் பார்த்துவிட்டு மெல்லக் கேட்டார்: "நான் சொன்னதை அவங்க நம்பலை. நீ சொன்னதும் அந்தம்மா பேனாவை மூடிட்டாங்க. திங்கட்கிழமை வந்து இதையே எல்லார் முன்னாடியும் சொல்வியா?"

ஊரே கூடியிருக்கும் மண்டபம். "ஆள் வெச்சு ஏமாத்தினோம்" என்று மைக்கில் சொல்ல வேண்டும். அதற்குப் பிறகும் நம்பாவிட்டால்? நம்பி, ஒருவர்கூடக் கடைக்கு வராமல் போய்விட்டால்?

"வர்றேங்க" என்றாள் அக்கா. அது தன் குரல்தானா என்று அவளுக்கே சந்தேகமாக இருந்தது.