ஜானட் படம் பார்க்கும் அறை

எண்ணூர் போகும் சாலையில் ஒரு கன்டெய்னர் யார்டு. அதன் எடைமேடையில் இருபத்தெட்டு வருஷம் உட்கார்ந்து சீட்டு எழுதியவள் ஜானட். அதிக பாரம் ஏற்றி வந்த லாரியை அவள் ஒருநாளும் கண்டுகொள்ளாமல் விட்டதில்லை. டிரைவர்கள் அவளைத் திட்டாத வார்த்தை கிடையாது. அவளும் யாருக்கும் பாக்கி வைத்ததில்லை. போன மார்ச்சில் ஓய்வு பெற்றபோது யார்டில் மாலை போட்டு அனுப்பினார்கள். மாலையைப் பஸ்ஸிலேயே கழற்றிப் பைக்குள் திணித்துக்கொண்டு ராயபுரத்து வீட்டுக்கு வந்தவள், மறுநாள் காலையிலேயே தண்டையார்பேட்டை ஃபர்ஹானுக்குப் போன் போட்டாள். வீடுகளில் ஹோம் தியேட்டர் அமைத்துக் கொடுப்பது அவன் தொழில்.

"எத்தினி பேரு உக்காந்து பாப்பீங்க, அக்கா?" என்பதுதான் அவன் கேட்ட முதல் கேள்வி.

"ஒருத்தி."

"விருந்தாளி வந்தா?"

"யாரும் வரமாட்டாங்க. நீ ரூம பாரு."

அவளுக்குச் சினிமாதான் எல்லாம். இருபது வயதிலிருந்து ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போய் வந்து, மத்தியானம் இரண்டரை மணி மேட்னி ஷோவுக்குத் தனியாகப் போவாள். ஓரத்து சீட்டில் உட்கார்ந்து, படம் முடிந்து எழுத்துகள் ஓடித் தீரும்வரை எழுந்திருக்க மாட்டாள். கல்யாணமாகாத பெண் தனியாகப் படத்துக்குப் போவதைத் தெரு பேசியது. தெரு பேசியதை அவள் பொருட்படுத்தவில்லை. தம்பி அருள்நாதன் பேசியதுதான் அவளுக்குள் முள்ளாக நின்றது. அவளுக்கு இருபத்தாறு வயதில் மாதவரத்திலிருந்து ஒரு சம்பந்தம் வந்தது. மாப்பிள்ளையின் மாமா வாசலில் நின்று, "பொண்ணு எங்கப்பா?" என்று கேட்டிருக்கிறார். "அது எப்பவும் தியேட்டர்லதான் கீது, போய்த் தேடிப் பாருங்க" என்று அருள்நாதன் சிரித்துக்கொண்டே சொன்னான். அந்தச் சம்பந்தம் அதோடு நின்றது. வேறு காரணமும் இருந்திருக்கலாம். ஜானட் வேறு காரணத்தைத் தேடவில்லை. அன்றிலிருந்து அவள் அவனைத் தம்பி என்று கூப்பிட்டதில்லை. அவள் கையால் ஒரு டம்ளர் தண்ணீர்கூட அவனுக்குப் போனதில்லை.

அக்கம்பக்கத்துத் தியேட்டர்கள் ஒவ்வொன்றாக மூடி குடோன்களாயின. மால் தியேட்டருக்குப் போனால் இருட்டில் படிக்கட்டு. போன தீபாவளிக்கு அந்தப் படியில் தவறி விழுந்து முட்டி பெயர்ந்தபோது, பின்வரிசையில் யாரோ செல்போன் டார்ச்சை அவள் முகத்தில் அடித்துச் சிரித்தார்கள். இனி வெளியே படம் பார்ப்பதில்லை என்று அன்று வீட்டுக்கு வந்து படுத்தவள், ஓய்வு பெறும்வரை நாள் எண்ணிக்கொண்டிருந்தாள்.

துறைமுகத்தில் கிரேன் ஓட்டிய அப்பா கட்டிய வீடு அது. முன்பாதி அருள்நாதனுக்கும் அவன் மனைவி எல்சிக்கும். பின்பாதியும் மொட்டைமாடி அறையும் ஜானட்டுக்கு. அப்படித்தான் அப்பா எழுதி வைத்துவிட்டுப் போனார்.

ஃபர்ஹான் டேப்பை எடுத்துக்கொண்டு முதலில் அவள் புழங்கும் அறையைப் பார்த்தான். சந்துப் பக்கம் பார்த்த பெரிய சன்னல். பகலில் வெளிச்சம் நேராகத் திரையில் அடிக்கும், பைக் சத்தம் வேறு, அடுப்பும் அதே அறையில். உதட்டைப் பிதுக்கினான். பிறகு மாடி அறை. பத்துக்குப் பத்து, தகரக் கூரை.

"சதுரமா கீற ரூம்ல சத்தம் சரியா வராது அக்கா. நீளமும் அகலமும் ஒண்ணா இருந்தா அடித்தொண்ட சத்தம் எல்லாம் ஒரே எடத்துல சேந்துகினு கும்முனு நிக்கும். மழ பேஞ்சா இன்னா பண்ணுவீங்க? வேற ரூம் இல்லியா?"

"கீது," என்றாள் ஜானட். "ஆனா பூட்டி கீது."

அவளுடைய பாதியில் நடுவில் இருக்கும் உள்ளறை அது. சன்னல் கிடையாது. படகுகளுக்கு அடிக்கும் பெயின்ட்டை அருள்நாதன் காசிமேட்டில் விற்கிறான். பதினோரு வருஷத்துக்கு முன்பு, ஒரு வாரத்துக்கு என்று சொல்லி, டப்பாக்களை அங்கே அடுக்கியவன், பிறகு ஒரு பூட்டும் போட்டுவிட்டான். ஜானட்டும் அப்போது விட்டுவிட்டாள். அந்த அறை அவளுக்குத் தேவைப்படவில்லை. அவனிடம் பேசவும் பிடிக்கவில்லை.

ஃபர்ஹான் பூட்டிய கதவுக்கு வெளியிலேயே நின்று, நடையின் நீளத்தையும் சந்துப்பக்கச் சுவரையும் அளந்து, சுவர்களின் தடிமனைக் கழித்துக் கணக்குப் போட்டான். பதினாறுக்குப் பதினொன்று. அவன் முகம் மலர்ந்தது.

"இதான் அக்கா ரூம். சன்னல் இல்ல, சதுரம் இல்ல. இத வுட்டா இந்த வூட்ல வேற எடமே கெடயாது. தொறந்து காட்டுனா மீதிய சொல்றேன்."

அன்று சாயங்காலம் அருள்நாதன் வந்ததும் ஜானட் முன்வாசலுக்குப் போய் நின்றாள். பல வருஷங்களுக்குப் பிறகு அவள் அந்தப் பக்கம் வந்ததில் எல்சி பதறி எழுந்தாள். அருள்நாதன் டிவியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"உள்ளறய காலி பண்ணு. எனுக்கு வேணும்."

"இன்னாத்துக்கு?"

"படம் பாக்க."

அவன் அப்போதுதான் திரும்பினான். "அறுவது வயசுல படம் பாக்க தனியா ரூமா? தெருவுல சொன்னா சிரிப்பானுங்க."

"ஞாயித்துக்கெழம வரிக்கும் டைம்."

"எங்கப்பன் கட்ன வூடு இது. போ."

"எனுக்கும் அவருதான் அப்பன்," என்று சொல்லிவிட்டு ஜானட் திரும்பி வந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போய் வந்து பார்த்தபோது, உள்ளறைக் கதவில் இரண்டாவதாக ஒரு புதுப் பூட்டு தொங்கியது.

திங்கட்கிழமை பதினோரு மணிக்கு, அருள்நாதன் கடையில் இருக்கும் நேரம் பார்த்து, ஜானட் லேத்துப் பட்டறை மணியையும் இரண்டு சுமை தூக்கும் ஆட்களையும் கூட்டிவந்தாள். மணி கட்டரை வைத்து இரண்டு பூட்டையும் அறுத்தான். டப்பாக்கள் ஒவ்வொன்றாக வெளியே வந்து, நடை வழியாக அருள்நாதனின் கூடத்தில் அடுக்கப்பட்டன. சோபா மறைந்தது. டிவி மறைந்தது. எல்சி சமையலறை வாசலில் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு நின்றவள், பாதி வேலை நடக்கும்போது கடைக்குப் போன் செய்தாள். அருள்நாதன் வந்து சேர்ந்தபோது கடைசி டப்பா போய்க்கொண்டிருந்தது.

அவன் சந்தில் நின்றே கத்தினான். "பொம்பளயா நீ? கூடப் பொறந்தவன் சரக்குல கைய வெக்கிற?"

"ஒரு டப்பா ஒடயல. எண்ணிக்கோ."

"ஒன்ன எவனும் கட்டாதது சும்மா இல்ல."

சந்தில் நின்ற எல்லாருக்கும் அது கேட்டது. சுமை தூக்க வந்தவர்கள்கூடத் தலையைக் குனிந்துகொண்டார்கள். ஜானட்டின் கையில் அறுபட்ட பூட்டு ஒன்று இருந்தது. அதை அவன் முகத்தில் வீச வேண்டும் என்று கை துடித்ததாக அவளே பிறகு ஃபர்ஹானிடம் சொன்னாள். வீசவில்லை.

"மாதவரத்துக்காரன் கிட்ட நீ சொன்னது என் காதுல வுழாதுன்னு நெனச்சிகினியா?" என்று மட்டும் கேட்டாள்.

அருள்நாதனுக்கு ஒரு கணம் அது என்னவென்றே புரியவில்லை. புரிந்ததும் அவன் பார்வை தாழ்ந்தது. ஆனால் மன்னிப்புக் கேட்கிற ஆள் இல்லை அவன். "நீ செத்தாலும் நான் இந்தப் பக்கம் வரமாட்டேன்," என்று காறித் துப்பிவிட்டு உள்ளே போனான்.

அடுத்த நாள் ஃபர்ஹான் வெறும் அறையின் நடுவில் நின்று பட்டென்று கை தட்டினான். சத்தம் சுவருக்குச் சுவர் தாவியது. எங்கெல்லாம் சத்தத்தை உறிஞ்சும் துணிப் பலகை ஒட்டவேண்டும் என்று பென்சிலால் குறித்தான். கடல் காற்றில் ஓதம் ஏறிய சுவரை முழங்கால் உயரத்துக்குக் கொத்திப் பூசச் சொன்னான். திரை மேற்குச் சுவரில், ஒற்றை நாற்காலி அதிலிருந்து பத்தடியில், ஏசி பக்கவாட்டில் என்று தாளில் படம் போட்டான். நாற்காலிக்குப் பின்னால் இருக்கும் கிழக்குச் சுவருக்கு அந்தப்பக்கம் அருள்நாதனின் படுக்கையறை.

"இந்தச் செவுத்துக்கு மட்டும் உள்பக்கமா ஒரு தடுப்பு போட்டு நடுவுல பஞ்சு அடைக்கணும். அரை அடி போவும். ஆனா அவுங்குளுக்குத் தொந்தரவு இருக்காது."

"தடுப்பு வேணாம்," என்றாள் ஜானட். "அந்தப் பெரிய சத்தம் போடுற பெட்டி, பேரு இன்னா?"

"சப்வூஃபர்."

"அத்த அந்தச் செவுத்து மூலயில ஒட்டி வை."

ஃபர்ஹான் பென்சிலைக் காதில் சொருகிக்கொண்டான். "அங்க வெச்சா ரூமே அதிரும். பேசுறது ஒண்ணும் காதுல ஏறாது. குடத்துக்குள்ள மண்டய வுட்டுகினு கேக்குற மாதிரி இருக்கும்."

"துட்டு யாருது?"

"உங்குளுது. காதும் உங்குளுதுதான்," என்றான் அவன். வேலையை அவள் சொன்னபடியே முடித்துக் கொடுத்தான். ஆனால் போகும்போது அந்தப் பெட்டியைப் பார்க்காமல் போனான்.

மூன்று வாரம் ஜானட் தினமும் மத்தியானம், அருள்நாதன் கடையிலிருந்து சாப்பிட வந்து படுக்கும் நேரத்தில், படம் போட்டாள். அவளுக்கு எப்போதும் பிடித்தவை பேச்சும் அழுகையும் உள்ள குடும்பப் படங்கள். இப்போது தேடிப்பிடித்துப் போட்டதெல்லாம் குண்டு வெடிக்கிற படங்கள், கப்பல் மூழ்குகிற படங்கள். பெட்டி உறுமும்போது சுவர் நடுங்குவது முதுகில் தெரியும். திரையில் யார் யாரைக் கொன்றார்கள் என்று அவளுக்குத் தெரியாது. அந்தப் பக்கத்திலிருந்து ஒரு தட்டு, ஒரு கத்தல் வருமா என்று காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வரவில்லை. சத்தத்தை இன்னும் கூட்டினாள். தலைவலி வந்தது. மாத்திரை போட்டுக்கொண்டு மறுபடி உட்கார்ந்தாள். அவன் பொறுத்துக்கொள்கிறான் என்று நினைக்க நினைக்க அவளுக்கு ஆத்திரம் ஏறியது.

ஒரு காலையில் குழாயடியில் எல்சியைப் பார்த்தாள். எல்சி குடத்தை வைத்துவிட்டு, வழக்கத்துக்கு மாறாக நிமிர்ந்து நின்றாள்.

"அண்ணி, நீங்க யாருக்காக அப்டி சத்தம் வெக்கிறீங்க?"

"என் ரூமு. என் இஷ்டம்."

"இஷ்டந்தான். அந்தப் பெட்டிய எறக்குன அன்னிக்கே அவரு கட்டில முன்னாடி ரூமுக்கு இழுத்துட்டாரு. நாங்க அங்கதான் படுக்குறோம். உங்க செவுத்துக்கு எங்க பக்கம் இப்ப அந்தப் பெயின்ட் டப்பாதான் கீது. நீங்க படம் போட்டா அதுங்க மூடிதான் கடகடன்னு ஆடுது." எல்சி குடத்தைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். "அவரு அத்த கேட்டுட்டு சிரிக்கிறாரு. சொல்லக்கூடாதுன்னு சொன்னாரு. எனுக்குத்தான் பாக்க சகிக்கல."

ஜானட்டுக்கு முகம் சுட்டது. எல்சி பரிதாபப்பட்டதுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை. "ஒன் வேலயப் பாத்துகினு போடி," என்று சொல்லிவிட்டு, குடம் நிரம்புமுன்பே எடுத்துக்கொண்டு நடந்தாள்.

வீட்டுக்கு வந்து, படம் எதுவும் போடாமல், அந்த நாற்காலியில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். மூன்று வாரத்தில் இருபது படம். ஒன்றின் கதைகூட அவளால் சொல்ல முடியாது. அவன் சிரித்துக்கொண்டு முன்னறையில் சுகமாகத் தூங்கியிருக்கிறான். தலைவலி மாத்திரை போட்டது அவள்.

ஃபர்ஹானைக் கூப்பிட்டாள். அவன் வந்து நின்றதும், "அத்த எங்க வெக்கணுமோ அங்க வை," என்றாள். அவன் பெட்டியைத் தூக்கி அவளுடைய நாற்காலியிலேயே உட்கார வைத்து, ஒரு பாட்டை ஓடவிட்டு, சுவரோரமாகத் தவழ்ந்து தவழ்ந்து எங்கே தாளம் சுத்தமாகக் கேட்கிறது என்று காது வைத்துப் பார்த்தான். திரைக்கு இடதுபக்கம், சுவரிலிருந்து ஓரடி தள்ளி ஓர் இடம் அகப்பட்டது. பெட்டியை அங்கே இறக்கினான். கிழக்குச் சுவருக்குத் தடுப்பும் போட்டான்.

"இது அவனுக்காக இல்ல," என்றாள் ஜானட்.

"நான் ஒண்ணும் சொல்லலியே அக்கா."

அன்று மத்தியானம், சின்ன வயதில் தியேட்டரில் ஏழெட்டு முறை பார்த்த ஒரு பழைய படத்தைப் போட்டாள். அதில் வீட்டைவிட்டுப் போகிற பெண் கதவருகே நின்று எதையோ முணுமுணுப்பாள். தியேட்டரில் அந்த இடத்தில் எப்போதும் விசில் பறக்கும்; அவள் என்ன சொன்னாள் என்று ஜானட்டுக்குக் கடைசிவரை தெரியாது. இப்போது கேட்டது. "வரேன்னு சொல்ல ஆள் இல்லை" என்றாள் அந்தப் பெண். ஜானட் ரிமோட்டை எடுத்துப் பின்னால் ஓட்டி இன்னொரு முறை கேட்டாள். பிறகு படத்தை ஓடவிட்டாள்.

டப்பாக்கள் ஆடாமல் போனது அருள்நாதனுக்குச் சீக்கிரமே தெரிந்தது. அக்கா அடங்கிவிட்டாள் என்று கடையில் சொல்லிக்கொண்டானாம். அடுத்த மாதமே கொத்தனாரை வைத்து, இரண்டு பாதிக்கும் நடுவே நடையில் இருந்த வாசலைச் செங்கல் வைத்து அடைத்தான். ஜானட் தன் பக்கம் நின்று, கையைக் கட்டிக்கொண்டு, கடைசி வரிசைக் கல் ஏறும்வரை பார்த்தாள். கல்லுக்கு மேலே இருவர் கண்களும் ஒருதடவை சந்தித்தன.

வயர் ஒன்றைச் சரிசெய்ய வந்த ஃபர்ஹான் அந்தச் சுவரைத் தட்டிப் பார்த்தான். "ஒம்போது இஞ்ச் செவுரு. சத்தம் தடுக்க நான் போட்டுத் தந்தா செம துட்டு ஆயிருக்கும்."

"கொத்தனார வந்து பூசிட்டுப் போவச் சொல்லு," என்றாள் ஜானட். "இந்தாண்ட பக்கம் பூசாம வுட்டுட்டான்."

அவன் போனபிறகு உள்ளறைக் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தாள். மணி இரண்டரை.